நிறுத்த வராத கை

தொண்ணூற்றாறில் நொச்சிக்குப்பம் ரோட்டோரத்தில் மீன் வெட்டித் தர நாலைந்து பேர் இருந்தார்கள். ஆனால் வஞ்சிரம் வாங்கியவர்கள் தேவானையிடம்தான் வந்து நின்றார்கள். அறுபதைத் தாண்டியவள். மீனைப் பார்க்கவே மாட்டாள். மந்தைவெளியிலிருந்து மீன் வாங்க வரும் முத்தம்மாவோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே கத்தியை இறக்குவாள். துண்டெல்லாம் ஒரே கனத்தில் விழும். அதைப் பார்க்கவே சிலர் வந்து நின்றார்கள் என்று அவளுக்குத் தெரியாதா என்ன!

வாங்குகிறவர்களுக்கும் ஒரு பழக்கம் உண்டு. "இங்க வெட்டு, இந்த சைசு" என்று வெட்டுக்கட்டை மேலேயே விரலை நீட்டிக் காட்டுவார்கள். தேவானையின் கை பாதியில் நிற்கும். விரல் விலகியதும் இறங்கும்.

ஒருநாள் முத்தம்மாவின் விரல் நுனியில் கத்தி பட்டுவிட்டது. விரல் வருவதைத் தேவானை பார்த்தாள். நிறுத்தவும் நினைத்தாள். அதற்குள் கத்தி இறங்கிவிட்டது. "முள்ளு கிழிச்சிருக்கும்" என்று தண்ணீர் ஊற்றி அனுப்பிவிட்டாள். முத்தம்மாவும் நம்பினாள்.

அன்றிலிருந்து தேவானை தன் கையையே கவனித்தாள். வெட்டுவதில் ஒரு குறையும் இல்லை, கை தன்பாட்டுக்கு ஓடுகிறது. நில் என்றால்தான் கேட்கமாட்டேன் என்கிறது. வீட்டில் டம்ளர் நழுவினால், அது தரையில் உருண்ட பிறகுதான் கை நீள்கிறது. இதை வெளியே சொன்னால் யார் மீனைக் கொடுப்பார்கள்? அதனால் பேச்சை விட்டுவிட்டு, எதிரே நிற்பவர்களின் தோளையே பார்த்தாள். தோள் அசைந்தால் விரல் வரப்போகிறது என்று அர்த்தம்; கத்தியைத் தூக்காமலே இருந்துவிடலாம். "தேவானைக்குத் தலைக்கனம் ஏறிப்போச்சு" என்று பேசிக்கொண்டார்கள்.

அடுத்த வார ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், மருமகள் அனு பின்பக்கமிருந்து மீன்தலையை எடுக்கக் கையை நுழைத்தாள். முதுகுக்குப் பின்னால் தோளை எங்கே பார்ப்பது? கத்தி அவள் விரலை ஒட்டிக் கட்டையில் பதிந்தது. தேவானை திரும்பி அவள் விரல்களை எண்ணிப் பார்த்தாள்.

அனுவோ சிரித்தாள். "பாத்தீங்களா எங்க அத்தை கைய! அதுக்குத் தனியா கண்ணு கீது!"

அந்தத் தைரியத்தில், அடுத்து நின்றவரின் வஞ்சிரத்தை இரண்டு கையாலும் கட்டையோடு அழுத்திப் பிடித்தாள். "வெட்டு அத்தை, நான் புடிச்சிக்கினு கீறேன்."

தேவானை கத்தியைத் தூக்கவில்லை. தூக்கினால் இறங்கிவிடும்.

"கைய எடு அனு."

"இன்னா அத்தை, எனக்குப் பயமே இல்ல. நீ வெட்டு."

"எனக்குக் கீதுடீ," என்றாள் தேவானை, எல்லோர் காதிலும் விழ. "போன வாரம் ஒரு வெரல்ல போட்டுட்டேன். நிறுத்தணும்னுதான் நெனச்சேன், கை நிக்கல. இனிமே நீ வெட்டு."

வஞ்சிரத்துக்குச் சொந்தக்காரர் தன் மீனைத் தூக்கிப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த ஆளின் கட்டைக்கு நடந்தார்.