செதில் ஒட்டிய பக்கம்

மீனவர் சங்கக் கட்டடத்து அலுமாரியில் ஒரு தடித்த அகராதி இருக்கிறது. அதில் ஒரு பக்கத்தில் சூடைமீன் செதில் ஒன்று ஒட்டியிருக்கிறது. அது எங்கள் சம்மாட்டியின் விரலில் இருந்து வந்தது.

சம்மாட்டி என்றால் கரைவலையும் தோணியும் உடையவர், எங்களை வைத்துத் தொழில் நடத்துகிறவர். கொக்கிளாயில் எங்கள் சம்மாட்டி ஒரு பெண். புருசன் செத்தபிறகு அவா வலையை விற்கவில்லை. நான் அவாவின் வலைக்கயிறு இழுத்துப் பதினாறு வருசம் நின்றவன்.

சங்கப் பதிவைப் புதுப்பித்தபோது, அவாவைச் சம்மாட்டி என்று பதிய முடியாதென்று செயலாளர் மறித்தார். முன்பு வாத்தியாராக இருந்தவர். கெட்டவர் இல்லை; எழுத்தில் பிடிவாதம். சம்மாட்டி என்று பதியாவிட்டால் வலை வளைக்கிற கரைத்துண்டு வேறு ஆளுக்குப் போய்விடும். சங்கத்துக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினார். அவா போகவில்லை. அவரே அகராதியையும் பதிவுப் புத்தகத்தையும் கக்கத்தில் வைத்துக்கொண்டு கரைக்கு வந்தார்.

"அக்கா, சம்மாட்டிக்கு இதில தலைவன் எண்டுதான் கிடக்கு. ஆம்பிளைக்குரிய சொல். பேச்சு வழக்கு எண்டும் போட்டிருக்கு. நான் சம்மாட்டியின் மனைவி எண்டு எழுதுறன்."

"செத்த மனிசன் வந்து வலை இறக்குவாரோ, மாஸ்டர்? பேச்சு வழக்கெண்டா என்ன, நாங்கள் ஊமையளா நிண்டே இழுக்கிறம்?"

கயிற்றுக்காரர் எல்லாரும் சிரித்தார்கள்.

அந்த நேரம் பறவைகள் கடலில் விழத் தொடங்கின. மீன் கூட்டம். செயலாளருக்கே பதற்றம். "இறக்குங்கோவன்! என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்?"

ஒருவரும் அசையவில்லை. சம்மாட்டி வலையில் கடல்தண்ணி தெளிக்காமல் நாங்கள் தோணி தள்ளமாட்டோம். அவா நீரோட்டத்தைப் பார்த்தபடி நின்றா.

"ஏன் நான் சொல்ல இறக்கேல்லை?" என்று செயலாளர் என்னைக் கேட்டார்.

"நீங்கள் சம்மாட்டியில்லையே, மாஸ்டர்."

அவர் பதிவுப் புத்தகத்தோடு மணலில் குந்தினார். பறவைகள் தெற்கே நகர்ந்தன. அப்போதுதான் அவா குனிந்து தண்ணி அள்ளித் தெளித்தா. தள்ளினோம்.

வலை கரையேறியபோது பெரிதாக ஒன்றுமில்லை, கொஞ்சம் சூடை. செயலாளர் அதைப் பார்க்கவில்லை. பதிவை மடியில் விரித்து அவாவின் பெயருக்கு முன்னால் சம்மாட்டி என்று எழுதிக்கொண்டிருந்தார். அவா மீன் அள்ளிய கையோடு அகராதியில் விரலை வைத்தா.

"இதிலயும் எழுதுங்கோ."

அவர் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில், ஓரத்தில், 'பெண்ணும்' என்று பென்சிலால் எழுதினார்.

அவா செத்துக் கனகாலம். இப்போது மகள் தண்ணி தெளிக்கிறா. போன கிழமை சங்கத்து அலுமாரி துடைக்கும்போது அந்தப் பக்கத்தைத் திறந்தேன். செதில் விழவில்லை. பென்சில் மங்கியிருந்தது. எனக்கு எழுத்துக் குறைவு. என்றாலும் பேனாவை எடுத்து, அந்த எழுத்துகளின் மேலேயே மெதுவாக எழுதிவிட்டு மூடினேன்.