மைனர் வருகிறார்

என் அண்ணன் வீரணன் வாழ்நாளில் ஒரு நாளும் மைனராக இருந்ததில்லை. ஆனாலும் எங்கள் வீட்டில் அவன் பெயர் மைனர்தான்.

பழைய கறுப்பு வெள்ளைப் படப் பாட்டுகளில் வருகிற மைனரை இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியிருக்கிறது. பதினெட்டு வயது நிரம்பாதவன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆதியில் அப்படித்தானாம், வயது வராத ஜமீன் வாரிசைக் கோர்ட்டில் அப்படிச் சொல்வார்களாம். பாட்டில் வருகிறவனுக்கோ வயதெல்லாம் எப்போதோ வந்திருக்கும். சில்க் ஜிப்பா, கழுத்தில் புரளும் சங்கிலி, ஆளுக்கு முன்னால் வருகிற சென்ட் வாசம். அப்பன் சொத்தைத் தின்றுகொண்டு தெருத்தெருவாகச் சுற்றுவதுதான் அவனுக்கு உத்தியோகம்.

எங்கள் அப்பன் சொத்து, திருச்சுழிக்குத் தெற்கே சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்த ஒரு துண்டு மானாவாரி. அவர் போனதும் அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கரிமூட்டத்துக்குக் கூலிக்குப் போனான். கருவேல விறகை அடுக்கி, மண்ணால் மூடி, உள்ளே தீ வைத்துவிட்டுப் பக்கத்திலேயே காவல் இருக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் கரி அத்தனையும் சாம்பல். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது அவனிடம் கண்ணும் பல்லும்தான் வெள்ளையாக இருக்கும். நான் வாசலில் நின்றுகொண்டு, டீக்கடை ரேடியோவில் கேட்ட பாட்டை எடுத்துவிடுவேன்.

"சங்கிலி போட்ட மைனரு, சந்தை கலைய வந்தாரு."

அவனும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, ஜிப்பா போட்டவன் மாதிரி நடந்து காட்டுவான். அந்த வருஷங்களில் அம்மா சிரித்தது அப்போது மட்டும்தான். அந்தக் கரியில்தான் நான் அருப்புக்கோட்டையில் நர்சிங் படித்தேன்.

பிறகு அவன் சொந்தமாக மூட்டம் போட்டு, லாரியில் லோடு அனுப்பி, காரியாபட்டியில் பெண் எடுத்தான். மதினி முத்துத்தாய் வீட்டார் கடைக்காரர்கள். அவர்களுக்கு மாப்பிள்ளை கரி வியாபாரி. கூலிக்கு நின்றதை அவர்கள் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

போன மாசியில் என் மகள் சுபத்ராவுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடி இல்லாமல் இங்கே காது குத்த மாட்டார்கள். மாமன் சீர்த்தட்டுகளோடு தெருமுனையில் வந்து நிற்பார். உடன்பிறந்தவள் சொல்கிற பாட்டை மைக்செட்டில் போட்ட பிறகுதான் காலெடுத்து வைப்பார். எல்லாரும் அண்ணன் தங்கை அழுகிற பாட்டாகப் பார்த்துச் சொல்வார்கள். என் அண்ணனை அழுதா கூப்பிடுவேன்? மைக்செட் சோலையிடம் மைனர் பாட்டைப் போடச் சொன்னேன்.

முதல் அடியிலேயே சீர் நின்றுவிட்டது. மதினியின் அண்ணன் ராஜகுரு இரண்டு கையையும் விரித்துத் தட்டுக்காரர்களை மறித்தார். பெயிண்டுக் கடைக்காரர், பழைய பாட்டில் ஊறியவர்.

"மைனர்னா என்னன்னு எங்களுக்குத் தெரியாதா? எங்க மாப்பிள்ளைய ஊதாரின்னு மைக்கு வச்சுச் சொல்றதுக்கா சீர் கொண்டாந்தோம்? இதுக்கு ஒரு வெளக்கம் சொல்லாம தட்டு உள்ள வராது."

சோலை பாட்டை நிறுத்தினான். ராஜகுரு சொன்ன அர்த்தம் சரிதான், அதுதான் வம்பு. வேலியில் போன ஓணானை நானே எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன். விளக்கினால் அண்ணனின் கூலிக்கதை அவன் மாமியார் வீட்டார் முன்னால் வெளியே வரும். விளக்காவிட்டால் என் பிள்ளைக்கு மாமன் மடி இல்லை. தெருமுனையில் நின்ற அண்ணனைப் பார்த்தேன். சொல்லு என்று தலையை ஆட்டினான். சோலையிடமிருந்து மைக்கை வாங்கினேன்.

"மைனர்னா ஒழைக்காம ஒக்காந்து திங்கிறவன். எங்கண்ணன் கூலிக்குக் கரிமூட்டத்துல நின்னு, ஒடம்பெல்லாம் கரியா வீட்டுக்கு வருவாக. அப்ப நான் படிச்ச பாட்டு இது. ஒரு நாளாவது மைனர் மாதிரி ஒக்காந்து திங்க மாட்டாகளான்னு எனக்கு ஆசை. ஒக்காரவே இல்ல. நான் நர்சா நிக்கிறது அந்தக் கரியிலதான்."

ராஜகுரு தன் தங்கையைத் திரும்பிப் பார்த்தார்.

"கூலிக்கா? ஒனக்குத் தெரியுமா?"

"பொண்ணு பாக்க வந்தன்னைக்கே எங்கிட்டச் சொல்லிட்டாக. நாந்தான் ஒங்ககிட்டச் சொல்லல. சொல்லிருந்தா குடுத்துருப்பீகளா?" மதினி தட்டைத் தூக்கிக்கொண்டு அவரைத் தாண்டி வந்தாள். "சோலைண்ணே, மொதல்லருந்து போடுங்க. எம்புருசன் பாட்டு."

பாட்டு மறுபடி ஆரம்பித்தது. அண்ணன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். அன்றைக்கு எங்கள் வாசலில் நடந்த அதே நடையில் தெரு நீளத்துக்கும் வந்தான். எனக்கு நெஞ்சு கொள்ளாத பெருமை. அவனுக்குப் பின்னால், பழத்தட்டும் கையுமாக ராஜகுரு வந்தார். இரண்டாவது அடி வரும்போது அவர் உதடும் அசைந்தது.

அண்ணன் மணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். மடியைத் தட்டிக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"மைனரு ஒக்காந்தாச்சு. பிள்ளையக் குடு" என்றான்.