எட்டு மணி நேரம் திறந்திருந்த பெயர்

கைராசி அக்காவின் ஒரு கை, படுத்த படுக்கையான வாத்தியாரின் தோளுக்கடியில், மறு கை இடுப்புக்கடியில். "ஒண்ணு, ரெண்டு, வாங்க சார்" என்று ஒரே இழுப்பில் அவரை இடப்பக்கம் சாய்த்தாள். வால் எலும்புக்கு மேல் சட்டைப் பொத்தான் அகலத்துக்குத் தோல் உரிந்து சிவந்திருந்தது. காலையில் அங்கே ஒன்றுமில்லை.

அந்த முதியோர் இல்லத்தில் அவளுக்கு இருபத்திரண்டு வருட வேலை. அவள் பார்த்துக்கொண்ட யாருக்கும் படுக்கைப்புண் வந்ததில்லை. பட்டப்பெயர் வந்ததே அதனால்தான். இரண்டு மணிக்கொருமுறை புரட்டி, துடைத்து, தலையணை வைக்க வேண்டும். வேறு மந்திரம் கிடையாது.

தலைமை நர்ஸ் கம்ப்யூட்டரில் வேலைப் பதிவைப் பார்த்தாள். "பன்னெண்டு, ரெண்டு, நாலு. மூணு தடவையும் நீங்க புரட்டினதா உங்க பேர்ல இருக்கு. அப்புறம் எப்படிப் புண்ணு?"

"நான் கண்ணாஸ்பத்திரிக்குல்ல போயிருந்தேன் மேடம்! பத்தேகாலுக்குப் போனவ இப்பதான் வரேன்."

வாசலில் கைரேகை வைக்கும் கருவி அதையே சொன்னது. "அப்ப உங்க பேர்ல போட்டது யாரு? இன்னிக்கே சொல்லுங்க. இல்லன்னா உங்க வேலைக்கு நான் பொறுப்பில்ல."

யாரென்று அவளுக்குத் தெரியும். வார்டில் அவளைத் தவிர இருந்தது ஒல்லி மட்டும்தான். பதினோரு வருடமாக அவளோடு ஒரே டப்பாவில் சாப்பிடுகிறவள்.

முன்பெல்லாம் பத்து நிமிடம் தொடாமல் விட்டால் கம்ப்யூட்டரில் அவரவர் பேரில் திறந்த பதிவுப் பக்கம் தானாக மூடிக்கொள்ளும். சோப்புக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து மறுபடி பாஸ்வேர்டு போட வேண்டும். "நீங்க கேட்டா கம்ப்யூட்டர்காரர் தட்டமாட்டாரு அக்கா" என்று உசுப்பியவள் ஒல்லிதான். அவரோ, "திறந்தே கிடந்தா ஆபத்து அக்கா" என்று இழுத்தார். "இங்க யாரு தம்பி திருடப்போறா? எல்லாம் நம்ம பொண்ணுங்க" என்று அக்கா சிரித்து, எட்டு மணி நேரமாக மாற்ற வைத்துவிட்டுத்தான் நகர்ந்தாள். இன்று காலையும் தன் பக்கத்தை மூடாமலேதான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியிருந்தாள்.

ஒல்லி துவைக்கும் அறையில் போர்வை மடித்துக்கொண்டிருந்தாள்.

"வாத்தியாரைப் புரட்டினியாடி?"

"வேலை நெரிச்சுதுக்கா. அப்புறம் பாத்துக்கலாம்னு..."

"சரி. அதை ஏன் என் பேர்ல போட்ட?"

ஒல்லி போர்வையின் முனையைத் தேடினாள். "உங்க பேரு இருந்தா யாரும் போய்ப் பாக்க மாட்டாங்க. என் பேருன்னா பாப்பாங்க."

கை தவறிச் செய்திருந்தால் அக்கா திட்டிவிட்டு விட்டிருப்பாள். இவள் யோசித்துச் செய்திருக்கிறாள்.

"அக்கா, சொல்லிடாதீங்க. பதினோரு வருசம்..."

"அந்த நெனப்பு பன்னெண்டு மணிக்கு எங்கடி போச்சு?"

தலைமை நர்ஸிடம் போய், ஒல்லி என்று சொல்லாமல், பணிப்பட்டியலில் உள்ள முழுப்பெயரைச் சொன்னாள். திறந்து போட்டுவிட்டுப் போனது தன் தப்பு என்பதையும் சேர்த்தே சொன்னாள்.

மறுநாள் காலை, வேலை தொடங்குமுன் கம்ப்யூட்டர்காரர் மேசை முன் நின்றாள். "அஞ்சு நிமிசமா மாத்துங்க தம்பி."

"எல்லாரும் என்னைத் திட்டுவாங்களே அக்கா!"

"நான் கேட்டேன்னு சொல்லுங்க. என்னைத் திட்டட்டும்."

அவர் மாற்றும் வரை பார்த்திருந்துவிட்டு வார்டுக்குப் போனாள். வாத்தியாரின் புண்ணைக் கழுவிக் கட்டுப்போட்டு, வலப்பக்கம் புரட்டினாள். கையைக் கழுவி ஈரம் போகத் துடைத்தாள். பாஸ்வேர்டு போட்டு, நேரத்தைப் பதிந்து, லாக் அவுட் செய்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தாள்.