வல்லாரைச் சாறும் நோவுக் குளிசையும்

படித்தவர்களுக்கு வாய் சும்மா இருக்காது. எனக்கு அது இன்னும் மோசம்.

கனகராயன்குளத்தில் எங்கள் பக்கத்து வளவு அக்காவுக்கு வயிற்றில் புண். உறைப்புக் கறி ஒரு வாய் வைத்தாலே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்திவிடுவார். அவர்களுடைய வாய்க்கால் ஓரத்தில் படர்ந்திருந்த வல்லாரையைத்தான் என் ஆராய்ச்சிக்குப் பிடுங்கிப் போனேன். அதன் சாறு வயிற்றுப் புண்ணைத் தடுக்குமா என்று எலிகளில் பார்ப்பது என் வேலை. எலிகளைப் பட்டினி போட்டு, சிலவற்றுக்கு முதலில் சாறு கொடுப்போம். பிறகு எல்லாவற்றுக்கும் வயிற்றை அரிக்கும் நோவுக் குளிசை, அதாவது வலி மாத்திரை. சில மணித்தியாலங்களில் எலிகளைக் கொன்று, இரைப்பையை வெட்டி விரித்து, புண்களை எண்ணுவோம். சாறு குடித்தவற்றின் இரைப்பை ஏறக்குறையச் சுத்தமாக இருந்தது.

அன்று பின்னேரம் பஸ்ஸால் இறங்கி வீட்டுக்குக்கூடப் போகவில்லை. வேலியடியில் நின்றே கூவினேன்.

"அக்கா, உங்கட வல்லாரை சோதனையில வெண்டிட்டுது! முதல் சாறு, பிறகு நோவுக் குளிசை. எலியின்ர வயித்தில புண்ணே இல்லை!"

"வெறும் வயித்திலயோ?"

"ஓம், முழுப் பட்டினி!"

எலிகளை வெட்டியதைச் சொல்லவில்லை. எறும்புக்கும் இரங்குகிற மனுசி, எதற்கு என்று விட்டுவிட்டேன்.

ஐப்பசியில் விதைப்பும் கந்தசஷ்டியும் ஒன்றாக வந்தன. ஆறு நாள் விரதம் முடிந்து பாறணைச் சோறு தின்னும்வரை அக்கா எதையும் தொடமாட்டார், வயல் வேலையையும் விடமாட்டார். முழங்கால் நோவு வேறு. வெறும் வயிற்றில் குளிசை போடக்கூடாது என்று கிளினிக்கில் சொல்லியிருந்ததால், விரத நாட்களில் பல்லைக் கடித்துக்கொண்டு நோவைத் தாங்குவார். இந்த முறை தாங்கவில்லை. நாலாம் நாள் காலை வரம்பில் இரத்தமாக வாந்தி எடுத்தார். அவருடைய கணவரும் நானும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வவுனியா ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

"என்னம்மா குடிச்சனீங்கள்?" என்று டொக்டர் கேட்டார்.

"முதல் வல்லாரைச் சாறு. பிறகு நோவுக் குளிசை. நாலு நாளும்." அந்த நிலையிலும் கையைத் தூக்கி என்னைக் காட்டினார். "இந்தப் பிள்ளைதான் எலியில பார்த்துச் சொன்னவா."

இரத்தம் ஏற்றினார்கள். இரண்டு நாள் நான் கண் மூடவில்லை. அவருக்கு ஏதும் ஆகியிருந்தால் கொன்றவள் நான்தான், வேறு யாரும் இல்லை.

மூன்றாம் நாள்தான் அக்கா தெளிவாகக் கதைத்தார்.

"எனக்கேன் தங்கச்சி இப்பிடி வந்தது? உன்ர எலியள் நல்லாத்தானே இருக்குதுகள்?"

இனியும் மறைக்க மனம் வரவில்லை.

"இல்லை அக்கா. குளிசை குடுத்த அண்டைக்கே எல்லாத்தையும் சாக்காட்டி, வெட்டித்தான் பார்த்தனாங்கள். நாலு நாள் குடிச்ச எலி ஒண்டும் இல்லை. நான் அதைச் சொல்லாமல் விட்டது பிழை."

ஏசட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அக்கா கண் கலங்கி என் கையைப் பிடித்தார்.

"ஐயோ, பாறணைச் சோறுகூடத் தின்னாமலோ செத்ததுகள்?"