அரைமணித் துண்டு

நுவரெலியா கடைத்தெருவில் ஒரு வாடகைக் கார் கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்த காலத்தை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேலேயே அருவருப்பு வருகிறது. முதலாளியிடம் மூன்று கார்களும் முப்பது கார்களுக்குப் போதுமான பேராசையும் இருந்தன. அந்தப் பேராசைக்கு வாய்ப்பாடு எழுதிக் கொடுத்தவன் நான்.

அதுவரை வாடகை என்றால் பேரம்தான். நான் எட்டாம் வகுப்புத் தேறிய மேதாவி அல்லவா? ஒரு வெள்ளை அட்டையில் நாளைக் கூறுபோட்டேன். காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை மணிக்கு இரண்டு ரூபாய். மற்ற நேரமெல்லாம் நான்கு. ஆள் ஏறியதிலிருந்து கணக்கு. ஒரு பயணம் இரண்டு கூறிலும் விழுந்தால் ஆறு மணியில் அதை வெட்ட வேண்டும். வெட்டிய துண்டுகளைத் தனித்தனியாக எண்ண வேண்டும். எந்தத் துண்டில் அரைமணி மிஞ்சினாலும் அது முழு மணி. முதலாளி வெற்றிலைச் சாற்றை வாசலில் துப்பிவிட்டு, "மூளைன்னா இது மூளை" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒருநாள் தூரத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் தொழிலாளி ஒருவர் வந்தார். பிரஜாவுரிமை விசாரணைக்கு அவரையும் மனைவியையும் கூப்பிட்டிருந்தார்கள். டவுன் கந்தோரில் அதிகாரிகள் எட்டரைக்குப் பெயர் சொல்லி அழைப்பார்கள். மனைவிக்கு நிறைமாதம், பஸ்ஸில் குலுங்கி வர முடியாது.

"ஆறு மணிக்கு லயத்துக்கிட்ட வண்டி வந்திருச்சுன்னா போதும் தம்பி. ரெண்டு மணி நேரந்தானுங்க."

நாலு ரூபாய் என்றேன். இரண்டு நாள் கூலிக்கும் மேல். ஆனாலும் முகம் மலர்ந்துதான் போனார்.

டிரைவர் என்னிடம் கேட்டார், "டவுன் ஆறா, தோட்டத்து ஆறா?" அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் வேலையைச் சீக்கிரம் தொடங்குவதற்காகத் துரைமார் கடிகாரத்தை அரைமணி முன்னே தள்ளி வைத்திருந்தார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு மணி அடித்தால் அதுதான் நேரம். நான் பிறந்ததும் அப்படியொரு தோட்டத்தில், லயம் என்னும் வரிசைக் குடியிருப்பின் காம்பராவில்தான். அதனால் பெரிய உபகாரி போல, "தோட்டத்து ஆறு. அஞ்சரைக்குப் போயிருங்க, பாவம் புள்ளத்தாச்சி" என்றேன்.

மறுநாள் ஏழரைக்குக் கார் கடை வாசலில் நின்றது. வாடகை கொடுத்த பிறகுதான் கந்தோருக்குப் போகலாம் என்பது முதலாளியின் சட்டம். அவர் அட்டையைப் பார்த்தார். ஆறுக்கு முன் அரைமணித் துண்டு, அது ஒரு மணி, நாலு ரூபாய். ஆறுக்குப் பின் ஒன்றரை, அது இரண்டு மணி, நாலு ரூபாய். ஆக எட்டு. இரண்டு மணி நேரப் பயணம் என் அட்டையில் மூன்று மணியாகி, வாடகை இரட்டித்திருந்தது.

தொழிலாளியின் கையில் நாலு ரூபாயும் பஸ் காசும்தான் இருந்தன. மனைவி மூக்குத்தியைக் கழற்றி நீட்டினாள். "களவு நகையா என்னான்னு நான் கண்டேனா?" என்று முதலாளி தட்டிவிட்டார். பிறகு தொழிலாளியின் கக்கத்திலிருந்த காகிதக் கட்டை உருவி மேசை லாச்சியில் போட்டுப் பூட்டினார். பிறப்புச் சான்றிதழ், பழைய தோட்டத்தில் கொடுத்த துண்டுச் சீட்டு, தோட்டத்துப் பதிவு எல்லாம் அதில்தான். அந்த மனிதரின் வாழ்க்கை என்றே சொல்லலாம்.

அவர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்களும் தோட்டத்துப் புள்ளதானே. நான் ஏறினது ஆறு மணிதான்னு சொல்லுங்க."

என் சட்டைப் பையில் முதல்நாள் வாங்கிய சம்பளம் இருந்தது. முதலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சுவர்க் கடிகாரத்தைக் காட்டி, "இதுப்படி அது அஞ்சரைங்க" என்றேன். சீ!

அடகுக்கடை திறக்க ஒன்பதாகும். அவள் பெஞ்சில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் மூக்குத்தியோடு ஓடிவிட்டு ஒன்பதரைக்குக் காசோடு வந்தார். முதலாளி விரலில் எச்சில் தொட்டு அதை எண்ணிப் பார்த்த பிறகுதான் லாச்சியைத் திறந்தார்.

மத்தியானம் தொழிலாளி மட்டும் திரும்பி வந்தார். மூன்று தடவை பெயரைக் கூப்பிட்டுவிட்டு அவருடைய விசாரணைக் கோப்பை மூடிவிட்டார்களாம்.

"எத்தன மணிக்குப் பொறப்பட்டோம்னு கார்க் கடையில எழுதி வாங்கிட்டு வரச் சொன்னாருங்க கிளாக்கரையா. நான் சொன்னதும் சீட்டும் ஒத்துப்போனாத்தான் மறுபடி விசாரிப்பாராம். ஆறு மணிக்கு ஏறுனோம்னு நான் சொல்லியிருக்கேன்."

முதலாளி பின்னால் நின்று பல் குத்திக்கொண்டிருந்தார். பில் புத்தகத்தில் இருப்பதுதான் சீட்டிலும் இருக்க வேண்டும் என்றார். ஐந்தரை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினேன்.

அவருக்குப் படிக்கத் தெரியாது. சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஆறுன்னு போட்டிருக்கீங்களா தம்பி?"

"ஆமாங்க" என்றேன்.

அவர் என்னைக் கும்பிட்டுவிட்டுக் கந்தோரை நோக்கி ஓடினார்.