ஒரு மிதி என்றால் நல்லது

செய்தி வந்தது மாலை நாலேகாலுக்கு. யார் வீட்டிலோ ஃப்ரிட்ஜ் பழுதுபார்க்க உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார், ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்று போனில் சொன்னார்கள். அவர் மனைவி போனை வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நின்றாள்.

மெக்கானிக்கான அவரை உறவுக்காரர்கள் 'ருசி மாமா' என்றுதான் கூப்பிட்டார்கள். எந்த வீட்டு விசேஷத்துக்கும் சாப்பாடு முடிவாவது அவர் வாயில் வைத்த பிறகுதான். ஒரு கரண்டி எடுப்பார், கண்ணை மூடுவார். சமையல்காரர்கள் வேலையை விட்டுவிட்டு அவர் முகத்தையே பார்ப்பார்கள்.

அவருக்கு ருசியே தெரியாது என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். என்றோ வந்த காய்ச்சல் ஒன்று போகும்போது நாக்கின் ருசியையும் மூக்கின் மணத்தையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. சூடும் குளிரும்தான் மிச்சம். எடுத்த பெயரை விட்டுவிட அவருக்கு மனசில்லை. அதனால் பக்கத்தில் உட்கார்ந்து அவளும் ருசி பார்ப்பாள். மேசைக்கு அடியில் அவர் காலை ஒரு தடவை மிதித்தால் நல்லது. இரண்டு தடவை என்றால் வேண்டாம். மற்ற வசனமெல்லாம் அவருடைய சொந்தச் சரக்கு.

அப்படியிருக்கையில்தான் மகளின் கல்யாண வரவேற்பு விருந்துக்கு இனிப்பு முடிவுசெய்யும் நாளும் வந்தது. "சம்பந்தி, ஸ்வீட்டு விஷயத்துல உங்க நாக்கு சொல்றதுதான் முடிவு. எங்க ஆளுங்ககிட்ட எல்லாம் பெருமையடிச்சு வெச்சிருக்கேன்" என்றபடி மாப்பிள்ளையின் அப்பா வந்து, அவருக்குப் பக்கத்து நாற்காலியில், அவளுடைய நாற்காலியில், தொப்பென்று உட்கார்ந்தார்.

சம்பந்தியம்மா இவள் கையைப் பிடித்து எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டாள். "அவங்க பேசிக்கட்டும். நாம நம்ம கதையப் பேசலாம் வாங்க."

அகலமான மேசை. இவள் நாற்காலியில் சரிந்து சரிந்து காலை நீட்டினாள். அகப்பட்டது மேசையின் கால்தான். எதிரே சம்பந்தி காலாட்டத் தொடங்கியிருந்தார். அது அவருக்குக் கூடப் பிறந்த பழக்கம். மேசைவிரிப்பே ஆடியது.

கேட்டரிங்காரர் முதலில் கஸ்டர்ட் கொண்டுவந்து வைத்தார். ருசி மாமா கரண்டியை வாயில் வைத்துக் கண்ணை மூடினார். மறுகணம் திருதிருவென்று விழித்தார். சம்பந்தியின் கால் பட்டுக்கொண்டே இருக்கிறது என்று இவளுக்குப் புரிந்துவிட்டது.

"வேண்டாம். வேண்டவே வேண்டாம்."

கேட்டரிங்காரர் முகம் செத்துப்போயிற்று. இவள் இருமிப் பார்த்தாள். சம்பந்தியம்மா தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள்.

அடுத்தது கேக். இந்தத் தடவை, 'சரியாச் சொல்லு' என்பதுபோல் ருசி மாமா திருப்பி மிதித்திருக்க வேண்டும். சம்பந்தி தூக்கிவாரிப்போட நிமிர்ந்தார். அவரை ஒரு பார்வை பார்த்தார். அதுவரை கரண்டியை நக்கிக்கொண்டிருந்த சம்பந்தி, மிதியை ஜாடையாக எடுத்துக்கொண்டு, "ஆமா ஆமா, எனக்கும் தொண்டையில ஒரு மாதிரி பண்ணுது" என்றார். ஜெல்லி வந்தபோது சம்பந்தி அதை வாயில் வைக்கக்கூட இல்லை. "எடுத்துட்டுப் போய்யா!"

மகள் அழும் நிலையில் இருந்தாள். "அப்பா, மாப்பிள்ளை வீட்டுல சிரிக்கப் போறாங்கப்பா. ஏதாவது ஒண்ணச் சொல்லுங்களேன்."

குட்டு வெளிப்பட்டால் மகளுக்கும் சேர்த்துத்தான் தலைகுனிவு. ருசி மாமாவுக்கு வியர்த்துக் கொட்டியது. கை தானாக எதிரே இருந்த தட்டில் கரண்டியை விட்டு அள்ளி வாயில் போட்டது. முகம் மலர்ந்தது. நடிப்பில்லாத மலர்ச்சி, இவள் பார்த்துப் பல வருஷமாகியிருந்தது.

"இதுதான்!"

"ஐயா, அது ஜெல்லி உருகாம இருக்க அடியில கொட்டின ஐஸு..." என்று கேட்டரிங்காரர் முனகினார்.

சம்பந்தி அதற்குள் ஒரு வாய் போட்டுவிட்டார். "அடடா! இனிப்பு எவ்வளவு அளவா இருக்கு பாருங்க! சர்க்கரைக்காரங்ககூட தைரியமா சாப்பிடலாம்."

"லேசா பால் வாசன வருதில்ல?" என்றாள் சம்பந்தியம்மா.

எல்லாரும் இவளைப் பார்த்தார்கள். இவளும் ஒரு கரண்டி அள்ளி மென்றாள். "நல்லாத்தான் இருக்கு."

வரவேற்பில் வெறும் ஐஸ் தூளைக் கிண்ணம் கிண்ணமாகப் பரிமாறினார்கள். இரண்டாம் தடவை வாங்கி வந்தவர்களும் உண்டு. செய்முறை கேட்ட ஓர் அம்மாவிடம், அது தொழில் ரகசியம் என்று கேட்டரிங்காரர் கறாராகச் சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்டார்: "நெஜத்தச் சொல்லு, எப்படி இருந்துச்சு?"

"ஜில்லுனு இருந்துச்சுங்க."

"அதத்தானே நானும் சொன்னேன்!"

இப்போது துக்கம் கேட்க வந்த சம்பந்தி அதே காலாட்டத்தோடு அழுதார். "அந்த நாக்கு இனி யாருக்கும்மா வரும்? அன்னிக்குச் சாப்பிட்டது இன்னும் நாக்குலயே நிக்குது. அவர் நெனப்பா ஒரு வாய் ஐஸ் இருந்தாக் குடுங்க."

சொல்லிவிடலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. அவள் கால் தானாகத் தரையை ஒரு தடவை மிதித்தது. எழுந்து போய் ஃப்ரிட்ஜைத் திறந்தாள்.

ஐஸ் தட்டில் தண்ணீர்தான் இருந்தது. இறந்த அன்று காலை, குளிர் வெளியே போகாமல் காக்கும் கதவு ரப்பரை மாற்ற உட்கார்ந்தவர், வேலைக்குக் கூப்பிட்டார்கள் என்று பாதியில் எழுந்து போயிருந்தார். மேல்பாதி மாட்டியிருக்கிறது; கீழ்ப்பாதி இன்னும் தொங்குகிறது.