கணினிக்குத் தெளித்த தீர்த்தம்

என் மனைவிக்குத் தேவைப்பட்டது ஒரு லேப்டாப். அதை அவள் ஒரே வாக்கியத்தில் சொன்னாள். அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் காது கொடுத்திருந்தால் இத்தனை பக்கம் எழுத வேண்டிய அவசியம் வந்திருக்காது.

மூன்று வருடமாக அவள் பாலம் தாண்டி, சிங்கப்பூரில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்துகொண்டிருந்தாள். மலேசியப் பக்கம், கூலாயில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலிருந்து விடிகாலை நாலரைக்கு பஸ். திரும்பி வர இரவு எட்டு ஆகும். பாலத்தில் நெரிசல் என்றால் ஒன்பது. முட்டி வீங்கிப்போயிருந்தது. எல்லையில் குடிநுழைவு வரிசையில் நின்றபடியே தூங்கப் பழகியிருந்தாள். அந்த நேரத்தில்தான் அங்குள்ள ஒரு டியூஷன் நிலையம், வீட்டிலிருந்தபடியே கணினி வழியாகப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தர ஆள் தேடியது. விண்ணப்பித்தாள். மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நேர்காணல் என்று பதில் வந்தது. அதுவும் கணினி வழியாகத்தான். இந்த வேலை கிடைத்தால் அவள் பாலம் ஏற வேண்டியதில்லை. கிடைக்காவிட்டால் நாலரை பஸ்தான்.

"ஒரு லேப்டாப் வாங்குங்க. சின்னதா இருந்தாலும் போதும். மூஞ்சி தெரியணும், பேசுனா கேக்கணும், அவ்ளோதான்," என்றாள்.

நான் சிரித்தேன். விவரம் தெரிந்தவன், தெரியாதவர்களைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு. செனாயில் மின்னணுப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பதினெட்டு வருடமாக ஸ்டோர் பார்க்கிறேன். அதாவது பெட்டிகளை எண்ணுகிறேன். உள்ளே இருப்பது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் பெட்டியின் மேல் அச்சடித்திருப்பதை ஒரு வரி விடாமல் வாசித்திருக்கிறேன். அந்தத் தகுதியோடு அவளுக்குப் பதில் சொன்னேன்: "லேப்டாப்பெல்லாம் ஒண்ணும் தெரியாதவங்க வாங்குறது. பார்ட் பார்ட்டா வாங்கி நாமளே கோக்கணும். அப்பத்தான் தரம்."

வேலை முடிந்து வந்ததும் வீடியோ பார்க்க உட்கார்ந்துவிடுவேன். தொப்பியைத் திருப்பிப் போட்ட ஒருவர், எந்தப் பாகம் எந்தப் பாகத்தைவிட எத்தனை மடங்கு வேகம் என்று கத்திக்கொண்டே இருப்பார். நானும் தலையாட்டுவேன். நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு வேற்றுமை உருபு சொல்லித்தர எவ்வளவு வேகம் வேண்டும் என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. நானும் யோசிக்கவில்லை. பெட்டிகள் வந்து இறங்கின. பக்கவாட்டில் கண்ணாடி வைத்த கூடு. அதற்குள் வண்ண விளக்கோடு சுழலும் ஐந்து காற்றாடிகள். மேசைக்கு இருபுறமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் திரை. தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தத்தோடு ஒரு கீபோர்டு.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கோத்தேன். முடிவில் நாலு திருகாணி மிச்சம். அது கம்பெனிக்காரர்கள் அன்பாக அதிகப்படியாகக் கொடுத்தது என்று முடிவு செய்துகொண்டேன். பொத்தானை அழுத்தினேன், வேலை செய்தது! நான் பிறந்த நாளிலிருந்து அப்படி ஒரு வெற்றியை அடைந்ததில்லை. மனைவியைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். அவள் திரையின் மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள், பின்பக்கமும் எட்டிப் பார்த்தாள்.

"கேமரா எங்கங்க?"

ஐந்து காற்றாடி வாங்கியவன் கேமரா வாங்கவில்லை. மைக்கும் வாங்கவில்லை.

அதையும் அவசரமாக வாங்கி மாட்டி ஒத்திகை பார்த்தோம். விளக்குகளின் புண்ணியத்தில் அவளுடைய ஒரு கன்னம் பச்சையாகவும் இன்னொரு கன்னம் ஊதாவாகவும் தெரிந்தது. "டீச்சர் வேலைக்குக் கூப்புடுறாங்களா, பேய்ப் படத்துல நடிக்கக் கூப்புடுறாங்களா?" என்றாள். விளக்கை அணைக்கும் வழியைத் தேடி ஒரு மாலை முழுக்க உட்கார்ந்திருந்தேன். நிறம் மாறியதே தவிர அணையவில்லை. கடைசியில் என் கைலி ஒன்றைக் கண்ணாடி மேல் தொங்கவிட்டேன். கைலி கட்டிய கணினி ஜொகூரிலேயே எங்கள் வீட்டில் ஒன்றுதான் இருந்திருக்கும்.

எப்படியோ எல்லாம் தயார். நேர்காணலுக்கு இன்னும் இரண்டு நாள். அந்த வியாழக்கிழமைதான் எங்கள் வரிசை வீடுகளை மந்திரிக்க ஃபாதர் வந்தார்.

எங்கள் வீட்டில் எந்தப் பொருள் புதிதாக வந்தாலும் தீர்த்தம் தெளிக்காமல் தொடமாட்டோம். கார், மோட்டார் சைக்கிள், துணி துவைக்கும் மெஷின், எதுவானாலும் சரி. காருக்கு என்றால் நாலு கதவையும் திறந்து, முன்மூடியைத் தூக்கி நிறுத்தி, எஞ்சின் மேலேயும் தெளிக்கச் சொல்லுவோம். எஞ்சினில் படாத தீர்த்தம் பெயிண்டுக்கு மட்டும்தான் பாதுகாப்பு என்பது எங்கள் கோயில் பங்கில் உள்ள ஆண்களின் உறுதியான நம்பிக்கை.

ஃபாதர் ஜெபம் சொல்லி, முன்அறை, சமையலறை, படுக்கையறை என்று தெளித்துக்கொண்டே வந்தார். மனைவி அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தாள். தோளில் பை இன்னும் இறங்கவில்லை. அப்படியே சிலுவை போட்டுக்கொண்டு நின்றாள்.

"ஃபாதர், இது புதுசு. சனிக்கிழமை இதுலதான் இன்டர்வியூ. கொஞ்சம் நல்லா தெளிங்க," என்று சொல்லி, கைலியை உருவி, பக்கவாட்டுக் கண்ணாடியையும் கழற்றி வைத்தேன். உள்ளே ஐந்து விளக்கும் பூசை நேரத்துப் பீடம் மாதிரி ஜொலித்தன.

ஃபாதர் தயங்கினார். "ஓடிக்கிட்டு இருக்கே. பரவால்லயா?"

"கார் எஞ்சினே தாங்குது ஃபாதர். இது என்ன?"

"என்னங்க, வேணாம்..." என்று மனைவி ஆரம்பித்தாள். அதற்குள் ஃபாதர் கையை ஓங்கிவிட்டார். எங்கள் ஃபாதர் கை தாராளமான கை. குருத்தோலை ஞாயிறன்று கடைசி வரிசைவரை நனைப்பவர்.

'டப்' என்று ஒரு சத்தம். பிளாஸ்டிக் கருகும் வாடை. ஐந்து விளக்கும் ஒன்றாக அணைந்தன. ஒரு மாலை முழுக்க நான் தேடிய வழி அதுதான் போலிருக்கிறது.

"நான் எத்தனையோ மோட்டாருக்குத் தெளிச்சிருக்கேன். ஒண்ணும் ஆனதில்லையே," என்றார் ஃபாதர், என்னைவிட அதிகமாகப் பதறிப்போய். தப்பு அவருடையதா? கண்ணாடியைக் கழற்றியது யார்? மனைவி அவருக்குத் தேநீர் போட்டுக் கொடுத்து, வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்து, கருத்த திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"சனிக்கிழமைங்க," என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் வேலை முடிந்ததும் கணினியைக் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு கூலாயில் ஒரு கடைக்கு ஓடினேன். ரிப்பேர் மேசையில் ஒரு தமிழ்ப்பெண் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் திருநீறு, கையில் ஸ்க்ரூடிரைவர். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தாள்.

"என்ன அண்ணே ஊத்துனீங்க? காப்பியா, தேயா?"

"ஊத்தல. தெளிச்சது."

"எத?"

"தீர்த்தம்."

நிமிர்ந்து பார்த்தாள். "எந்தக் கோயிலு?"

"மாதா கோயில்."

"அலமாக்! இங்க பாருங்க, வெள்ள வெள்ளயா பூத்திருக்கு. எங்க தீர்த்தத்துல துளசி இருக்கும். உங்களுதுல என்ன இருக்கு?"

"உப்பு. ஃபாதர் மந்திரிச்சுக் கொஞ்சம் போடுவாரு."

"வெறும் தண்ணின்னாக்கூட காயவெச்சுப் பாக்கலாம். உப்புத்தண்ணி லா அண்ணே. சாமி கும்புட்டே கொன்னுட்டீங்க. சரி, இந்தக் கண்ணாடி மூடித்தானே இருக்கும்? எப்படி உள்ள போச்சு?"

காரின் முன்மூடியைத் தூக்கும் எங்கள் வழக்கத்தை விளக்கினேன். அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "எங்கப்பா லாரி வெச்சிருந்தாரு அண்ணே. லாரிக்குச் சூடம் காட்டுவாரு. ஆனா டேங்க் மூடியத் தொறந்துவெச்சிட்டுக் காட்ட மாட்டாரு."

தண்ணீர் பட்டதற்கு உத்தரவாதம் கிடையாதாம். காற்றாடி, மின்சாரப் பெட்டி மாதிரி சிலவற்றை மட்டும் மாற்றித் தரச்சொல்லிக் கம்பெனியிடம் கேட்டுப் பார்க்கலாமாம். "பொட்டிங்க இருக்குல்ல? அதுல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர் வேணும். தூக்கிப் போட்றாதீங்க."

"நான் ஸ்டோர்காரன்மா. பெட்டியத் தூக்கிப் போடுவேனா?" என்றேன், கொஞ்சம் ரோஷமாகவே. "எப்பக் கெடைக்கும்?"

"பத்து நாளு."

"நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வேணும்."

"நீங்க கேக்குறது ரிப்பேர் இல்ல, உயிர்த்தெழறது. அதுக்கே உங்க சாமிக்கு மூணு நாள் ஆச்சுல்ல?"

புதிதாக ஒரு லேப்டாப் வாங்கலாம் என்றால், காற்றாடிகளோடு சேர்ந்து என் கிரெடிட் கார்டும் மூச்சை நிறுத்தியிருந்தது. தொழிற்சாலை லேப்டாப்பை வெளியே கொண்டுபோகக் கூடாது. அந்த விதியை ஸ்டோர் சுவரில் ஒட்டியவனே நான்தான்.

சனிக்கிழமை காலை மனைவி சேலை கட்டிக்கொண்டு, தையல் மெஷின் மேல் அரிசி டின்னை வைத்து, அதன் மேல் அகராதியை வைத்து, அதில் தன்னுடைய கைபேசியைச் சாய்த்தாள். திரையில் ஓரமாக ஒரு கீறல் விழுந்த பழைய கைபேசி. அகராதியின் அடியில் ஒரு அட்டையை மடித்துவைத்தால் கோணம் நன்றாக இருக்குமே என்று கையை நீட்டினேன்.

"தொடாதீங்க. வைஃபை பக்கம் போகாதீங்க. ஃபேன் சுவிட்சத் தொடாதீங்க. என்னையும் பாத்துக்கிட்டு நிக்காதீங்க. வெளிய போங்க."

வெளியே போய் நின்றேன். ஜன்னல் வழியாக அவள் குரல் கேட்டது. வணக்கம் சொன்னாள், தன்னைப் பற்றிச் சொன்னாள். குரல் நடுங்கவில்லை. நான்தான் வாசலுக்கும் கேட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

பத்து நிமிடம் ஆகியிருக்கும். தெருக்கோடியில் ஒலிபெருக்கி கேட்டது. பழைய பேப்பர், பழைய இரும்பு, பழைய பேட்டரி என்று மலாயிலும் சீனத்திலும் மாறி மாறிக் கூவிக்கொண்டு வரும் லாரி. ஒவ்வொரு சனிக்கிழமையும் வருவதுதான். எனக்கு நினைவே இல்லை. வீட்டுச் செருப்போடு ஓடிப்போய்க் கையை விரித்து நடுரோட்டில் நின்றேன். சீனக் கிழவர் லாரியை நிறுத்தினார். ஒலிபெருக்கியை நிறுத்தவில்லை.

"கம்ப்யூட்டர் ரோசாக் அடா?" என்று கேட்டார். கெட்டுப்போன கம்ப்யூட்டர் இருக்கிறதா என்று. எங்கிருந்து தெரிந்ததோ!

அது கடையில் இருக்கிறது, வீட்டில் மனைவிக்கு இன்டர்வியூ, தயவுசெய்து சத்தத்தை நிறுத்துங்கள் என்று எனக்குத் தெரிந்த மலாயில் கெஞ்சினேன். அவர் யோசித்தார். அவருக்கும் பிழைப்புதானே? போட ஏதாவது இருந்தால் நிறுத்துகிறேன் என்றார். நான் ஓடிவந்து, கார் நிறுத்துமிடத்தில் அடுக்கியிருந்த அட்டைப் பெட்டிகளை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு போய்க் கொடுத்தேன். ஒலிபெருக்கி அடங்கியது. அவர் ஒவ்வொரு பெட்டியாகப் பிரித்து, காலால் மிதித்து, தட்டையாக்கி, நிதானமாக லாரியில் ஏற்றினார். மூன்றாவது பெட்டியை மிதிக்கும்போதுதான் ஸ்டிக்கர் கண்ணில் பட்டது.

திருப்பிக் கேட்டால் ஒலிபெருக்கி திரும்பப் பாடும். பதினெட்டு வருட ஸ்டோர்காரன், ஒரு பெட்டியும் குறையாமல் லாரியில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் நன்றியும் சொன்னேன்.

முக்கால் மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது.

"எப்படி?"

"கேட்டாங்க, சொன்னேன். படம் ஏன் இவ்ளோ சின்னதா இருக்கு, கம்ப்யூட்டர் இல்லையானு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"நடந்ததச் சொன்னேன்."

"எல்லாத்தையுமா?"

"உப்பு வரைக்கும்."

"சிரிச்சாங்களா?"

"ஒருத்தங்க சிரிச்சாங்க. இன்னொருத்தங்க என்னமோ எழுதிக்கிட்டாங்க."

முடிவு புதன்கிழமை சொல்வார்களாம். அந்த நாலு நாளும் அந்த இன்னொரு அம்மா என்ன எழுதியிருப்பார் என்று யோசித்தே எனக்குத் தூக்கம் போயிற்று. 'வீட்டில் முட்டாள் ஒருவர் இருக்கிறார்' என்று எழுதியிருந்தால் மறுக்க முடியாது. திங்கள், செவ்வாய், புதன், மூன்று நாளும் அவள் வழக்கம்போல நாலரைக்குக் கிளம்பினாள். அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நான் தேநீர் போட்டுக் கொடுத்தேன். என் கையை நம்பி அவள் ஒப்படைக்கக்கூடிய கருவியாக மிஞ்சியது கெண்டி மட்டும்தான்.

புதன் சாயங்காலம் பஸ்ஸிலிருந்து கூப்பிட்டாள். பாலத்து நெரிசலில் நிற்கிறார்களாம். பின்னால் ஹாரன் சத்தம்.

"கெடச்சிருச்சுங்க."

நான் கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"கேக்குதா? அடுத்த மாசம் ஆரம்பிக்கலாம்னாங்க. கம்ப்யூட்டர் அவங்களே குடுக்குறாங்களாம். அதத்தான் அந்தம்மா அன்னிக்கு எழுதிக்கிட்டாங்களாம்." மூக்கை உறிஞ்சினாள். சிரிப்பா அழுகையா என்று அந்த இரைச்சலில் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"நான் என்ன செய்யட்டும்? சொல்லு, மேசைய மாத்தட்டா? திரைய..."

"ஒண்ணும் செய்யாதீங்க. ரூம்ல வெளிச்சம் பத்தல, அது ஒண்ணுதான் கொறைனாங்க. ஒரு பல்பு வாங்கி மாட்டுங்க. வெள்ள பல்பு. ஒண்ணே ஒண்ணு."

உடனே ஹார்ட்வேர் கடைக்குப் போனேன். அங்கே வெள்ளை மூன்று விதமாக இருந்தது. ஒன்று மஞ்சள் சாயும் வெள்ளை, ஒன்று நீலம் சாயும் வெள்ளை, மூன்றாவது பகல் வெள்ளையாம். அவள் சொன்னது எந்த வெள்ளை? மூன்றையும் எரியவிட்டு, அதற்கு நேரே என் முகத்தைக் காட்டி, கடைக்காரரைப் பார்க்கச் சொன்னேன். மூன்றிலும் ஒரே மாதிரிதான் இருக்கிறேன் என்றார் அவர். மனைவிக்குத் திரும்ப அழைத்தேன். பாலத்தின் நடுவில் எந்த நாட்டுச் சிக்னலும் நிலையாக நிற்காது. மணி போகவே இல்லை.

"போஸ், லம்பு சாஜா லா," என்றார் கடைக்காரர். வெறும் விளக்குதானே!

அவள் கூலாய் வந்து இறங்க இன்னும் ஒன்றரை மணி நேரம் ஆகும். அவர் கடை அடைக்க இன்னும் ஒரு மணி நேரம். கையில் ஒரு பல்பும் கக்கத்தில் இரண்டு பல்புமாக நான் அங்கேயே நின்றேன்.